கட்டாத மான்

(இலங்கையின் திருகோணமலையில், அதாவது திருமலையில், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் ஒரு பட்டிமன்றத்தில் பேசியது)

நடுவர் ஐயா, சபையோரே, வணக்கம். எனக்கு எட்டு நிமிடம்தான். வணக்கத்துக்கு இது போதும்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும்: மே 6ஆம் திகதி வாக்குப் போடப் போகிறோமே, உள்ளூராட்சிச் சபைக்கு அனுப்ப வேண்டியது கட்சி சொன்னபடி கை தூக்குகிறவரையா, தன் மனம் சொன்னபடி கை தூக்குகிறவரையா? நான் இரண்டாவது ஆளுக்காக எழுந்து நிற்கிறேன்.

எனக்கு முன்னால் எதிரணியில் பேசிய தம்பி ஒன்று சொன்னார். நல்ல கைதட்டும் வாங்கினார். "சுயேச்சை வேட்பாளர் எங்கட திருமலை மான் மாதிரி. பார்க்க வடிவு. கோட்டைக்குள்ளும் நிற்கும், கடற்கரையிலும் நிற்கும். ஆனால் சொந்தக்காரர் இல்லை, கட்டி வைக்கக் கயிறும் இல்லை. கடைசியில் பொலித்தீனைத் தின்றுவிட்டு ரோட்டில் செத்துக் கிடக்கும்" என்றார். தம்பி, அந்த மானிடம் வருகிறேன். சும்மா விடமாட்டேன். அதற்கு முதல் என் மாமியின் கதையைக் கேளுங்கள்.

இந்த மாவட்டத்தில்தான் ஒரு ஊர், ஒரு ஒழுங்கை. சபையின் பெயரும் வேண்டாம், கட்சிகளின் பெயரும் வேண்டாம். மாமிக்கு அப்போது 74 வயது. ஒழுங்கை முகப்பில் ஒரு லைட் கம்பம். அதில் பல்ப் எரியவில்லை. 2018 பெப்ரவரியில் தேர்தல் முடிந்து புதிதாக உறுப்பினர்கள் வந்திருந்த நேரம். மாமி தன் வட்டார உறுப்பினரிடம் போனார். அவர் வந்து பார்த்தார். வடிவாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாமி, கம்பம் நிக்கிறது எங்கட வட்டாரத்தில இல்ல. கம்பத்திட நிழல் மட்டும்தான் எங்கட பக்கம் விழுது."

மாமி சொன்னார்: "தம்பி, நிழல் விழுறது பகலில. எனக்கு இருட்டுறது இரவில."

சிரிக்கிறீர்கள். மாமி சிரிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்து வட்டார உறுப்பினரிடம் நடந்தார். அவர் வேறு கட்சி. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "கம்பம் எங்கடதான் மாமி, இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா வெளிச்சம் விழுறது அவங்கட வட்டாரத்தில. நாங்க பல்ப் போட்டு அவங்களுக்கு வாக்குச் சேர்த்துக் குடுக்கிறதோ?"

நடுவர் ஐயா, இதை இன்னொரு தரம் சொல்ல எனக்கு அனுமதி தர வேண்டும். கம்பம் ஒரு கட்சி. நிழல் ஒரு கட்சி. வெளிச்சம் இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. நடுவில் 74 வயதில் ஒரு மனுசி, கையில் டோர்ச்சோடு.

மாமி மூன்றாவது ஆளிடம் போனார். இவர் வட்டாரத்தில் வென்றவர் இல்லை, பட்டியலில் வந்தவர். அந்தத் தேர்தலில்தானே இந்தக் கலப்பு முறை முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது, பத்தில் ஆறு பேர் வட்டாரத்தில் இருந்து, நாலு பேர் பட்டியலில் இருந்து என்று. அவர் கையை விரித்தார்: "எனக்கு வட்டாரமே இல்லையே மாமி."

மாமி கேட்டார்: "அப்ப எல்லா வட்டாரமும் உன்ர தானே?"

அந்த மனிதர் பதில் சொல்லவில்லை. அன்றிரவு அவருக்கு நித்திரை வரவில்லையாம், பிறகு அவரே சொன்னது. அடுத்த கூட்டத்தில் எழும்பி, கம்பத்தின் இலக்கத்தை வாசித்து, இதற்கு ஒரு பல்ப் வேண்டும் என்றார். அவருடைய கட்சித் தலைவர் கண்ணால் "இரு" என்றார். அவர் இருக்கவில்லை. பல்ப் வந்தது. நிழலுக்கும் வந்தது, வெளிச்சத்துக்கும் வந்தது.

அடுத்த வருடம் டிசம்பரில் பாதீடு, சபையின் வரவு செலவுத் திட்டம், வாக்கெடுப்புக்கு வந்தது. குப்பை அள்ளும் ட்ரக்டர் பழுதாகிக் கிடக்கிறது, அதைத் திருத்த ஒரு சதமும் ஒதுக்கவில்லை. கை தூக்கு என்று கட்சி சொன்னது. அவர் தூக்கவில்லை. பிறகு கட்சியிலிருந்து நீக்கிக் கடிதம் வந்தது. எங்கள் சட்டத்தில் கட்சியால் நீக்கப்பட்டால் உறுப்பினர் பதவியும் போய்விடும், எதிரணி நண்பர்களுக்கு இது தெரியும். ஒரு பல்புக்காகவும் ஒரு ட்ரக்டருக்காகவும் பேசிய மனிதர் வீட்டுக்குப் போனார். அந்தக் கதிரையில் பேசாத ஒருவர் வந்து இருந்தார்.

சரி, இப்போது மான்.

தம்பி, மானுக்குச் சொந்தக்காரர் இல்லை என்றீர்கள். உட்துறைமுக வீதியில் ஒரு மான் குறுக்கே வந்தால் என்ன நடக்கிறது? பஸ் நிற்கிறது. ஆட்டோ நிற்கிறது. மீன் ஏற்றி வந்த லொறியும் நிற்கிறது. தமிழர் நிற்கிறார், முஸ்லிம் நிற்கிறார், சிங்களவர் நிற்கிறார். ஹோர்ன் அடிக்கக்கூட யோசிக்கிறார்கள். கோணேசரைக் கும்பிடப் போகிறவர் கோட்டை வாசலில் வாழைப்பழத்தை நீட்டுகிறார். கட்டின மாட்டுக்கு அதன் சொந்தக்காரர் மட்டும்தான் புல் போடுவார். கட்டாத இந்த மானை ஊரே பார்க்கிறது. இதையா குறை என்று சொன்னீர்கள்?

அப்புறம் பொலித்தீன். மான் பொலித்தீன் தின்று சாகிறது உண்மை. எனக்கும் அதைப் பார்த்து வயிறு எரிகிறது. ஆனால் அந்தப் பையை மானா கடையில் வாங்கியது? வீசினவர்கள் நாங்கள். அள்ள வேண்டியது சபை. பொதுச் சுகாதாரம், பொதுப் பாதை, பொது வசதி: சட்டம் உள்ளூராட்சிச் சபைக்குக் கொடுத்த வேலையைச் சுருக்கினால் இந்த மூன்றுதான். கானைத் துப்பரவாக்க, சந்தையைக் கழுவ, வீட்டுக்கு நாங்கள் கட்டுகிற சோலைவரிக் காசில் ஒரு பல்ப் வாங்க, எதற்குக் கொழும்பிலிருந்து ஒரு ரெலிபோன் வர வேண்டும்? மான் செத்ததற்கு மானிலேயே பழி போடுகிறீர்கள் தம்பி. குப்பை கிடக்கும் ஊரில் மானை அல்ல, குப்பையைத்தான் அகற்ற வேண்டும்!

கயிறு இல்லை என்றும் சொன்னீர்கள். இருக்கிறது. இங்கே சுயேச்சை என்றால் ஒரு ஆள் தனியே போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருகிற காரியம் இல்லை. குழுவாகச் சேர வேண்டும், பெண்களையும் இளைஞர்களையும் சேர்த்து முழுப் பட்டியல் கொடுக்க வேண்டும். கட்டுப்பணம் கட்சிக்காரருக்கு ஒரு வேட்பாளருக்கு 1,500 ரூபாய், சுயேச்சைக்கு 5,000. தன் சொந்தக் காசில் மூன்று மடங்குக்கு மேல் கட்டிவிட்டு, தெரிந்த சின்னமும் இல்லாமல், வீடு வீடாக வந்து படலையைத் தட்டுகிறாரே, அவரை எங்களோடு கட்டிப்போட வேறு என்ன கயிறு வேண்டும்?

கட்சிக்குக் கொள்கை இருக்கிறது, நீண்ட வரலாறு இருக்கிறது என்று எதிரணித் தலைவர் அண்ணன் சொன்னார். இருக்கிறது, மதிக்கிறேன். பாராளுமன்றத்துக்கு அது தேவைப்படலாம். அதை இன்னொரு மேடையில் பேசுவோம். எனக்கு மாமியிடம் திரும்பிப் போக வேண்டும்.

2023 மார்ச் 19ஆம் திகதி நள்ளிரவோடு சபைகளின் காலம் முடிந்தது. அன்றிலிருந்து இன்று வரை எங்கள் வாக்கில் வந்த ஒருவரும் அங்கே இல்லை. அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள். முந்தி வாகனத்தில் வந்தவர்கள் வருவதில்லை. அந்தப் பதவி போன மனிதர் மட்டும் சைக்கிளில் வருவார். மழைக்குக் கான் அடைத்தால் கடிதம் எழுதிக்கொண்டு போய்ச் செயலாளரிடம் கொடுப்பார். மாமி கடைசி வரை அவரை "எங்கட மெம்பர்" என்றுதான் கூப்பிட்டார். "மாமி, நான் இப்ப மெம்பர் இல்ல" என்பார். "ஆர் சொன்னது?" என்று கேட்டுத் தேத்தண்ணி கொடுப்பார் மாமி.

மாமி 2024-இல் போய்விட்டார். செத்த வீட்டுக்குப் பந்தல் போட ஆட்கள் வர இரவு பத்து மணி. வேறு லைட் கட்டவில்லை. அந்தக் கம்பத்து வெளிச்சத்திலேயே போட்டார்கள். ஆட்கள் போன பிறகு பார்த்தேன், அந்த மனிதர் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு நின்றார்.

மாமியின் பேர்ஸை அடுத்த நாள் நான்தான் திறந்தேன். அடையாள அட்டை, கொஞ்சம் சில்லறை, விபூதி மடித்த ஒரு பேப்பர். அந்தப் பேப்பரை விரித்தேன். கம்பத்தின் இலக்கம். சபையில் வாசிப்பதற்காக அந்த மெம்பர் தன் கையால் எழுதின துண்டு. ஆறு வருடம் மாமி அதை வைத்திருந்திருக்கிறார்.

இந்த முறை அந்த மனிதர் சுயேச்சைக் குழுவில் தேர்தல் கேட்கிறார். போன கிழமை எங்கள் படலைக்கு வந்து, பழக்கத்தில் "மாமி" என்று கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்டவர் அப்படியே நின்றார். நானும் நின்றேன்.

மணி கேட்டது நடுவர் ஐயா. வருகிறேன், வணக்கம்.