வைரத்துக்குள் ஜோடி சேரும் எலக்ட்ரான்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தூய வைரத்தில் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு கார்பன் அணுவும் தன் நான்கு வெளி எலக்ட்ரான்களையும் அக்கம்பக்கத்து அணுக்களோடு பிணைத்துவிடுகிறது. ஓடித் திரிய எதுவும் மிச்சமில்லை. சில கார்பன் அணுக்களின் இடத்தில் போரானை உட்கார வைத்தால் கதையே மாறிவிடும். போரானுக்கு வெளி எலக்ட்ரான் மூன்றுதான். நான்காவதின் இடம் காலி. அந்தக் காலியிடத்தைத் துளை என்கிறோம். பக்கத்து எலக்ட்ரான் அதில் வந்து உட்கார, துளை நகர்ந்துகொண்டே போகும்; மின்சாரம் பாய்வது அப்படித்தான். புகழ்பெற்ற ஹோப் வைரம் நீலமாக இருப்பதும் போரானால்தான், ஆனால் அதில் இருப்பது மிகச் சொற்பம். நூற்றுக்கு இரண்டு மூன்று என்று திணித்தால் வைரம் கறுத்து, உலோகம்போல நடந்துகொள்ளும்.

2004இல் ரஷ்யாவில் எகிமோவ் குழுவினர் கடும் அழுத்தத்தில் அப்படி ஒரு வைரத்தை உருவாக்கிக் குளிர்வித்தார்கள். சுமார் 4 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரியில், மின்தடை சரியத் தொடங்கியது. இன்னும் குளிர்ந்ததும் அடியோடு மறைந்தது. வைரம் மீக்கடத்தி ஆகிவிட்டது!

இங்கேதான் ஸ்பின் வருகிறது. எலக்ட்ரான் பம்பரம்போலச் சுற்றுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பின் அதனோடு பிறந்த காந்த குணம். அளந்தால் மேல் அல்லது கீழ், இரண்டே விடை. மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துதான் தடையின்றி ஓடுகின்றன. சாதாரண மீக்கடத்தியில் அந்த ஜோடியில் ஒன்று மேல், மற்றது கீழ், கூட்டினால் சுழியம். துளைகளுக்கும் இதே கணக்குதான்.

2020இல் ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் சோம்நாத் பட்டாச்சார்யா குழுவினர் வேறொன்றைச் சொன்னார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நானோ அளவுப் படிகமணிகள் நெருக்கியடித்து நிற்கும் மெல்லிய வைரப் படலம். இரண்டு மணிகள் சந்திக்கும் எல்லையில் படிகத்தின் சமச்சீர் உடைகிறது. அங்கே ஸ்பின், துகள் ஓடும் திசையோடு கட்டுப்பட்டுவிடுகிறது. அப்போது ஒரே பக்கம் பார்க்கும் ஸ்பின்களும் ஜோடி சேர வழி பிறக்கிறது. இதை மும்மை நிலை என்கிறோம். குவாண்டம் கணினிக்காரர்கள் ஆவலோடு தேடுவது இதைத்தான்.

சுழிய மின்னழுத்தத்தில் கடத்துதிறன், அதாவது மின்சாரம் எளிதாகப் பாயும் அளவு, வரைபடத்தில் ஒரு சிகரமாக எழுவது அவர்களுடைய சான்றுகளில் ஒன்று. எனக்கு அது உற்சாகம் தருகிறது, ஆனால் போதவில்லை. அதேபோன்ற சிகரம் வேறு காரணங்களாலும் எழலாம். ஸ்பின்னையே நேராகக் கேட்டுப் பார்க்கவேண்டும். வைரத்துக்குள் இருக்கும் போரான் அணுக்கருவே ஒரு குட்டிக் காந்தம். காந்தப்புலத்தில் வைத்து வானொலி அலையால் அணுக்கருவைத் தட்டிக் கேட்கும் அணுக்காந்த ஒத்ததிர்வு முறையில் அதை உளவாளியாக்கலாம். மீக்கடத்தி நிலைக்குப் போனதும் சுற்றியுள்ள ஸ்பின்களின் காந்தத்தன்மை மங்கினால் பழைய ஜோடி. மங்காமல் நின்றால் மும்மை ஜோடிக்கு வலுவான சான்று. மெல்லிய படலத்தில் பொருள் மிகக் கொஞ்சம் என்பதால் சமிக்ஞையும் மெலிதாகவே வரும். ஆனாலும் நான் எதிர்பார்த்திருப்பது அந்த அளவீட்டைத்தான்.