குச்சி பட்டாச்சு, சத்தம் எங்கே? டிவிடியைக் கோப்பாக மாற்றும்போது ஒலி விலகினால்

(திரையில்: காமன் கூத்துப் பதிவு. தப்பு மேளம் அடிப்பவரின் கை மட்டும்.)

இந்தக் கையைப் பாருங்கள். குச்சி தோலில் பட்டாச்சு, சத்தம் வரவில்லை... இப்போதுதான் வருகிறது. எங்கள் தோட்டத்தில் ஒரு மாசி மாதம் ஆடிய கூத்து இது, டிவிடியில் இருந்ததை மாமாவின் சின்ன பிளேயருக்கு ஏற்றிக் கொடுத்தேன், அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு "சத்தம் அடுத்த மலையிலிருந்து வருது மருமகனே" என்றார்.

சரி. உடனே திரும்பவும் கன்வெர்ட் பண்ண உட்காராதீர்கள். நானும் அப்படித்தான் இரண்டு இரவைத் தொலைத்தேன். மாற்றிய கோப்பைக் கணினியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்து, தொடக்கத்தில் ஒரு தப்பு அடி, கடைசியில் ஒரு தப்பு அடி, இரண்டையும் பாருங்கள். தப்பு மேளம் இல்லையென்றால் கைதட்டல், கல்யாண வீடியோ என்றால் கெட்டிமேளம், ஏதோ ஒன்று, அடிப்பது கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

(திரையில்: விசைப்பலகை, ஜே, கே எழுத்துகள்)

இரண்டு இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால் அது லேசான வியாதி. டிவிடிக்குள் படமும் ஒலியும் ஒரே நொடியில் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, எது எப்போது தொடங்கும் என்ற நேரக்குறிப்பு உள்ளேயே இருக்கும், சில மென்பொருள்கள் அதைத் தூக்கி எறிந்துவிடும். விஎல்சியில் ஜே அழுத்தினால் ஒலி முந்தும், கே அழுத்தினால் பிந்தும், ஒரு அழுத்துக்கு 50 மில்லிசெகண்ட். எனக்கு ஜே 8 தடவை, அதாவது 400. ஆனால் விஎல்சி இதைக் கோப்பில் எழுதாது. அவிடெமக்ஸ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் ஒலிப் பகுதியில் 'ஷிப்ட்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அந்த எண்ணை அங்கே போட்டு, படத்தை 'காப்பி' நிலையிலேயே விட்டுச் சேமியுங்கள். விலகல் இன்னும் கூடினால் எண்ணுக்கு முன்னால் மைனஸ் போட வேண்டும், அல்லது இருக்கும் மைனஸை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் ஷிப்ட் உதவாது. அங்கே கோளாறு பிரேம் கணக்கில், அதாவது நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பதில். நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் பால் (PAL) என்ற டிவி முறையில் எடுத்தார்கள், நொடிக்கு 25 பிரேம். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பிய டிவிடி என்டிஎஸ்சி (NTSC) என்ற இன்னொரு முறை, நொடிக்கு 29.97. அதை 30 என்று ரவுண்டு பண்ணிப் படத்தை ஓட்டி, ஒலியை அப்படியே விட்டால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகும்! ஹேண்ட்பிரேக் என்ற கன்வெர்ட் பண்ணும் மென்பொருளில் பிரேம் ரேட்டை மூலத்தில் உள்ளபடியே வைத்து, 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், ஒலியையும் டிவிடியில் இருக்கும் 48 கிலோஹெர்ட்ஸிலேயே விடுங்கள். பழைய பிளேயர் ஏவிஐ கோப்பு மட்டும்தான் வாங்கும் என்றால், அதற்குள் எம்பி3 ஒலியை மாறும் பிட்ரேட்டில் (நொடிக்கு இவ்வளவு தரவு என்ற அளவு) போடாதீர்கள், நிலையான பிட்ரேட்டில் போடுங்கள்.

(திரையில்: வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்த டிவிடி)

நடுவில் ஓரிடத்தில் திடீரென்று தாவி, அங்கிருந்து கடைசி வரை விலகியே ஓடினால் டிஸ்க்கைத்தான் பார்க்க வேண்டும். கீறல், இல்லையென்றால் நம் பனிக்கும் ஈரத்துக்கும் அலுமாரிக்குள் பிடித்த பூஞ்சணம். அந்த இடத்தில் சில பிரேம்கள் படிக்கப்படாமல் போயிருக்கும். மெல்லிய துணியால், நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். பிறகு முழு டிஸ்க்கையும் ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி பண்ணி, அங்கிருந்து மாற்றுங்கள்.

அப்புறம் ஒன்று, கணினியில் சரியாக ஓடி பிளேயரில் மட்டும் தடுமாறினால் கோப்பில் குற்றம் இல்லை. டிவிடியின் 720க்கு 576 படத்தை அந்தச் சின்னப் பெட்டியால் இழுக்க முடியவில்லை, அதன் திரை அளவுக்கு, 320க்கு 240 என்றால் அதற்கே, குறைத்துக் கொடுங்கள். முழுப் படத்தையும் மாற்றுவதற்கு முன்னால் 2 நிமிடத் துண்டு ஒன்றை ஏற்றிப் பாருங்கள்.

மாமாவின் கூத்து இப்போது சரியாக ஓடுகிறது. இரண்டாவது டிவிடியையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார், ரதி அழும் இடத்தில் சரியாக ஒரு கீறல்.