சர்க்கரை இல்லாத டீயும் நான் வாங்கிக்கட்டிக்கொண்ட ஷண்முகப்ரியாவும்

வணக்கம் மக்களே. முகம் வீங்கியிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள், ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தேன். வழக்கம்போல மொட்டை மாடியில்தான் நிற்கிறேன். கீழே அம்மா கூழுக்கு மாவு கரைத்துக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் கூப்பிட்டால் ஓடிவிடுவேன்.

நேற்று நான் அவரைப் பார்த்துவிட்டேன். யாரை என்று கேட்டால் நீங்கள் இந்தச் சேனலுக்குப் புதுசு. ஏழு வருஷமாக நான் துரத்தித் துரத்திக் கேட்கும் நாதஸ்வர வித்வான். எப்போதும் கூட்டத்தில் கடைசி வரிசைதான் எனக்கு. நேற்று எதிரில் உட்கார்ந்து பேசினேன். பெயரைச் சொல்லமாட்டேன். "என்ன வேணா பேசு தம்பி, பேரைப் போடாத. அப்புறம் கண்ட நேரத்துல போன் வருது" என்றார். ஊகித்தவர்கள் கமெண்டிலும் போடாதீர்கள், ப்ளீஸ்.

காட்பாடியிலிருந்து குடியாத்தம் ரோட்டில், லத்தேரி தாண்டி உள்ளே போகிற ஒரு ஊர். ஆடி வெள்ளி, அம்மன் புறப்பாடு. நம்ம பக்கத்து அம்மன் கோயிலில் என்ன இருக்கும்? பம்பை உடுக்கை இருக்கும், ராத்திரிக்குத் தெருக்கூத்து இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு முழு நாதஸ்வர செட்டு வருவது லேசான காரியம் இல்லை. அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு கும்பிடு. அடுத்த தெருவில் சினிமாப் பாட்டுக்கு ஸ்பீக்கர் கட்டினவருக்கு மட்டும் கும்பிடு கிடையாது.

அம்மன் வெளியே வந்ததும் மல்லாரி, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற உருப்படி. கம்பீர நாட்டை ராகம். சாகித்யம், அதாவது பாட்டு வரி, கிடையாது, வெறும் தாள நடைதான். ஆனால் அது ஆரம்பித்ததும் பல்லக்குத் தூக்குகிறவர்கள் கால் தானாக அந்தக் கணக்குக்கு வந்துவிடும். நான் கேட்டுக்கொண்டே பின்பக்கமாக நடந்து ஒரு கூழ் அண்டாவில் இடித்தேன், அண்டா காலி, பயப்படாதீர்கள். அதைப் படம் எடுக்கலாம் என்று போனைத் தூக்கினால் "இடம் இல்லை" என்று வருகிறது. போன மாதம் போட்ட பாலாற்று வீடியோவின் மூலக்கோப்பை நான் இன்னும் அழிக்கவில்லை. வறண்ட மணலைப் பன்னிரண்டு நிமிடம் எடுத்தவன், மல்லாரியைப் பத்து விநாடிகூட எடுக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதினொன்றரைக்கு முடிந்தது. கோயில் பக்கத்துத் திண்ணையில் செட்டு உட்கார்ந்திருந்தது. தவில்காரர் வலது கை விரல்களிலிருந்து கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். வித்வான் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை எடுத்து, துணியில் ஒற்றி, ஒரு சின்னத் தகர டப்பாவில் வைத்தார். நாதஸ்வரத்தில் கொத்தாகத் தொங்குமே, மாற்றுச் சீவாளிகளும் ஒரு ஊசியும், அதைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினார். நான் போய் நின்றேன். ஏழு வருஷம் ஒத்திகை பார்த்த கேள்வி ஒன்று இருந்தது, தோடி ராகத்தில் ஒரே ஸ்வரத்தை அவ்வளவு நீளமாக இழுக்கிற கார்வைக்கு மூச்சை எங்கே வைத்துக்கொள்கிறீர்கள் என்று. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "ஐயா, டீ சாப்பிடுறீங்களா?"

அவர் முகம் மலர்ந்தது பாருங்கள். "கிடைக்குமா தம்பி? எனக்குச் சர்க்கரை இல்லாம."

அந்த ஊரில் கடை எல்லாம் மூடியாயிற்று. லாரிகள் நிற்கும் மெயின் ரோட்டுக் கடைக்கு மூன்று கிலோமீட்டர். நம்ம வண்டியின் ஹெட்லைட் நிலைமை உங்களுக்குத் தெரியும். போனேன். மாஸ்டர் கடையைக் கழுவிக்கொண்டிருந்தார். "இன்னாபா, இந்நேரத்துக்கு ஆறு டீயா?" என்றார். கெஞ்சினேன், போட்டார். டீ பதினைந்து ரூபாய், ஆறுக்குத் தொண்ணூறு. அப்புறம் பேப்பர் கப் ஆறு, ஒன்று ரெண்டு ரூபாயாம்! நூற்றிரண்டு. என்னிடம் நூறு ரூபாய் நோட்டு ஒன்றுதான். போனில் அனுப்பலாம் என்றால் சிக்னல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "ரெண்டு ரூபாய் அப்புறம் தர்றேன்ணே" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நியாயம்தான், கணக்கு சரிதான், ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒரு கப் மக்களே! அதனால் நான் பிளாஸ்டிக் கவரில் ஓட்டை போட்டு உறிஞ்சிக் குடித்தேன், நாக்கு இன்னும் எரிகிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். சர்க்கரை இல்லாத டீ எது என்று எப்படித் தெரியும்? ஆறு கவரும் ஒரே மாதிரி, ஒரே வெள்ளை நூல். அதற்கு மட்டும் என் போன் ஸ்டாண்டில் இருந்த ரப்பர் பேண்டைக் கழற்றிச் சுற்றிவிட்டேன். எல்லாவற்றையும் துண்டில் பொதிந்து, வண்டிக் கொக்கியில் மாட்டி, மேடு பள்ளத்தில் இருபதிலேயே ஓட்டி, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்தேன். இந்த வருஷம் நான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான்.

டீ உள்ளே போனதும் அவர் பேச ஆரம்பித்தார். அவருடைய வாத்தியம் நரசிங்கம்பேட்டையில் செய்தது. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே ஊர். ஆச்சா மரம், அதுவும் பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கிற உத்திரமாக இருந்தால் இன்னும் நல்லது என்றார். பல வருஷம் காய்ந்த மரம், இனிமேல் முறுக்காது. தாத்தா காலத்தில் திமிரி, உச்ச ஸ்தாயி, சின்ன வாத்தியம். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளைக்கு அப்புறம்தான் எல்லோரும் நீளமான பாரி நாதஸ்வரத்துக்கு வந்தார்கள். சீவாளி திருவாவடுதுறையிலிருந்து வருகிறது, நாணல். "நல்ல சீவாளி பத்துல ரெண்டுதான் தம்பி தேறும், மத்த எட்டும் சண்டை போடும்" என்றார்.

இந்த உற்சாகத்தில்தான் வாயை விட்டேன். "ஐயா, ரெண்டு வருஷம் முன்னாடி காட்பாடியில ஒரு கல்யாணத்துல ஷண்முகப்ரியா ராகம் வாசிச்சீங்களே, நான் வீடியோ போட்டேன்." இந்தச் சேனலில் அதிகம் பேர் பார்த்த வீடியோ, உங்களுக்குத் தெரியும்.

அவர் யோசித்தார். "செண்டை வந்து நிறுத்தின கல்யாணமா?"

அதே கல்யாணம்தான்! பார்த்தீர்களா, அவருக்கும் மறக்கவில்லை. செண்டையோடு எனக்குச் சண்டை கிடையாது, கேரளத்துக் கோயில் வாசலில் கேட்டால் நானே கையைத் தூக்கி ஆடுவேன். ஆனால் காட்பாடியில், ஏசி ஹாலுக்குள், பெண்ணும் மாப்பிள்ளையும் நடக்கிற முப்பது அடிக்கு எதற்கு? அதுவும் ஒரு மனுஷன் ஆலாபனை பண்ணிக்கொண்டிருக்கும்போது? நிறுத்திக்கொள்கிறேன், இதற்கென்று தனி வீடியோவே இருக்கிறது.

"அன்னிக்கு நான் ஷண்முகப்ரியா வாசிக்கலையே தம்பி" என்றார்.

வீடியோவைப் போட்டுக் காட்டினேன். போனைக் காதோடு வைத்துக் கேட்டார். சிரிக்கவில்லை, அதுதான் பெரிய மனசு. கப்பைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரைக்கும், அதாவது ப த நி ஸ என்று, ரெண்டு தடவை பாடினார். முதல் தடவை நி, அதாவது நிஷாதம், கொஞ்சம் கீழேயே நின்றது. ரெண்டாவது தடவை அது ஷட்ஜத்துக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. "மொதல்ல பாடினது ஷண்முகப்ரியா, 56வது மேளகர்த்தா ராகம், கைசிகி நிஷாதம். ரெண்டாவது சிம்மேந்திரமத்யமம், 57, காகலி நிஷாதம். மத்த ஸ்வரமெல்லாம் ஒண்ணுதான். நீ போட்டிருக்கிறது ரெண்டாவது" என்றார். தவில்காரர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

எனக்குத் திண்ணைக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது. ரெண்டு வருஷமாகத் தலைப்பில் கொட்டை எழுத்தில் ஷண்முகப்ரியா என்று போட்டு வைத்திருக்கிறேன். அந்த அதிர்ச்சியில் மூச்சுக் கேள்வி சுத்தமாக மறந்துபோயிற்று. வண்டியைக் கிளப்பி லத்தேரி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. போட்டோவும் எடுக்கவில்லை, இடம்தான் இல்லையே.

தலைப்பைக் காலையிலேயே மாற்றிவிட்டேன். பாலாற்று மணலையும் அழித்துவிட்டேன். இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தக் கல்யாண வீடியோ போட்ட அன்றைக்கே ஒருவர் "இது சிம்மேந்திரமத்யமம் சகோ" என்று எழுதியிருந்தார். "தெரியாமல் பேசாதீர்கள்" என்று நான் பதில் போட்டு, அதற்கு நீங்கள் எல்லாம் லைக் வேறு போட்டிருக்கிறீர்கள். அண்ணா, நீங்கள் இன்னும் இந்தச் சேனலைப் பார்க்கிறீர்கள் என்றால் ஒரு கமெண்ட் போடுங்கள், முதலில் பின் பண்ணி வைக்கிறேன்.

இதோ, அம்மா கூப்பிட்டுவிட்டார்கள். வருகிறேம்மா!