பேசும் சேகண்டிகள்

நேயர்களுக்கு வணக்கம். கோயிலில் ஒலிக்கும் சேகண்டியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது தட்டையான தகடு. பிலிப்பைன்ஸின் தெற்கே, மிந்தனாவோ தீவில் வாழும் மகிந்தனாவ், மராநாவ் என்னும் முஸ்லிம் மக்களின் சேகண்டியோ, விளிம்பு மடிந்து, நடுவில் குமிழ் புடைத்து, கவிழ்த்து வைத்த பாத்திரம் போலிருக்கும். குமிழைத் தட்டினால்தான் தெளிந்த சுருதி பிறக்கும். இந்தக் குமிழை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டுச் சிறு சேகண்டிகளை மரச்சட்டத்தில் வரிசையாகக் கிடத்தி, இரு மென்மரக் கோல்களால் வாசிப்பது குலிந்தாங். மரபில் அது பெண்களின் கருவி. எந்த இரண்டு குலிந்தாங்கும் ஒரே சுருதியில் இருப்பதில்லை, இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதுமில்லை. சுரம் மாறினாலும், ஏறி இறங்கும் போக்கையும் தாளத்தையும் கொண்டே இன்ன உருப்படி என்று அறிந்துகொள்கிறார்கள். சுருதி சேராவிட்டால் முகம் சுளிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது நல்ல பாடம். தொங்கவிடப்பட்ட அகுங் என்னும் பெரிய சேகண்டி பெரும்பாலும் ஆண்களுக்குரியது. குமிழை ஒரு கையால் தொட்டு ஓசையை அடக்கி, மறு கையால் அடிப்பதில்தான் அவர்களுடைய திறமை வெளிப்படும். குமிழை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

நான் பேச விரும்பி வந்தது காந்திங்கானைப் பற்றி. விளிம்பு குறுகிய நான்கு பெரிய சேகண்டிகளைத் தொங்கவிட்டு வாசிக்கும் இக்கருவி பேசும். அணியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே பேசும். நான்கு சுருதிகளையும் தாளத்தையும் கொண்டு மகிந்தனாவ் மொழியின் ஏற்ற இறக்கத்தை ஒலித்துக் காட்டினால், பழகிய செவி அதைச் சொல்லாகவே கேட்டுக்கொள்ளும். இளைஞரும் இளம்பெண்ணும் நேரில் பேசிக்கொள்வதைப் பெரியவர்கள் ஏற்காத காலத்தில், பெயர் சொல்லி அழைப்பதும், கேலி செய்வதும், விருப்பத்தைத் தெரிவிப்பதும் இந்தச் சேகண்டிகளின் வழியே நடந்தன. ஒரு மணி ஒலித்து நின்றுபோகும் அலைபேசி அழைப்பிலேயே "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று தெரிவிக்கும் நமக்கு அந்தத் தந்திரம் எளிதில் புரியும். அங்கே ஒரு வேறுபாடு உண்டு: ஊர் முழுவதற்கும் கேட்கும்படி ஒலித்தும், யாருக்காக ஒலித்ததோ அவருக்கே செய்தி போய்ச் சேர வேண்டும். ஊரில் மற்றவர்களுக்கும் காது உண்டே என்று நீங்கள் கேட்கலாம். ஆபத்தை அறிவிக்கவும் இதே கருவிதான் பயன்பட்டது என்பதால், எல்லாரும் கேட்பது சில நேரம் நல்லதாகவும் இருந்தது.

நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். தாளம் காக்கும் பாபந்தில் என்னும் சேகண்டி, தபாகான் என்னும் முரசு ஆகியவற்றைப் பெயரளவில் சொல்லித்தான் நகர வேண்டியிருக்கிறது. மகிந்தனாவ் கலைஞர் தனோங்கான் கலந்துயான் அமெரிக்காவில் இந்த இசையைக் கற்பித்து, 1995-இல் அந்நாட்டின் தேசிய மரபுக்கலை விருதைப் பெற்றார். மிந்தனாவோவை அடுத்துள்ள பாசிலான் தீவின் யாக்கான் மக்களிடமோ உலோகமே இல்லாத ஒரு குலிந்தாங் வகையும் உண்டு. நடவு முடிந்ததும், வயலருகே மரத்தில் கட்டைகளைத் தொங்கவிட்டு, வளரும் நெல்லுக்குக் கேட்கட்டும் என்று வாசிப்பார்கள். நன்றி, வணக்கம்.