இரண்டு பையன்கள் இருக்கிற வீட்டில் தட்டு யார் கழுவுவது?

(வில்லிவாக்கத்தில், எங்கள் பகுதி நூலகத்தின் வாசகர் கூட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். வாசல் பக்கம் நிற்கிற அப்பாக்கள் உள்ளே வந்து உட்காருங்கள். இன்றைக்கு உங்களிடம்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டும் ஆண் பிள்ளையாகப் பெற்ற அம்மாக்களுக்கு இந்த ஊரில் ஓர் ஆறுதல் வார்த்தை தவறாமல் கிடைக்கும். ரேஷன் கடை வரிசையில் கிடைக்கும், கல்யாண வீட்டுப் பந்தியில் கிடைக்கும், ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடக் கிடைக்கும். "ரெண்டும் பையனா? ஐயோ பாவம், ஒத்தாசைக்கு ஒரு பொண்ணு இல்லையேம்மா உனக்கு." சொல்கிறவர்கள் பிரியமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் என் பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்திலேயே நிற்கிறார்கள். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். வீட்டு வேலைக்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்கிற பாடத்தை அவர்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. இப்படிப்பட்ட இரக்கப் பேச்சிலிருந்துதான் படிக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். பெண் பிள்ளை இருக்கிறதோ இல்லையோ, வீட்டு வேலையில் பையனுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கை ஆறு வயதிலேயே அவன் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ஏன் ஆறு வயது? 2019ஆம் ஆண்டு மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஒரு நாளின் 24 மணி நேரத்தை யார் எதில் செலவிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்ட கணக்கு. ஆறு வயதிலிருந்து எல்லோரையும் அதில் சேர்த்தார்கள். சமையல், பெருக்கல், துவையல் போன்ற சம்பளமில்லாத வீட்டு வேலையை, கேட்ட அந்த நாளில் செய்த பெண்கள் 100க்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். அப்படிச் செய்தவர்களிலும் ஒரு பெண் சராசரியாக 299 நிமிடம் செய்திருக்கிறார், ஓர் ஆண் 97 நிமிடம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான்கு ஆண்களில் மூன்று பேர் அன்றைக்கு ஒரு டம்ளரைக்கூடக் கழுவி வைக்கவில்லை என்றுதான் ஏறத்தாழ அர்த்தம். பெண்ணுக்கோ கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். வேலைக்குப் போய்விட்டு வருகிற பெண்ணும் இந்தக் கணக்கில் இருக்கிறாள்.

சமைக்க ஆணுக்கு வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சென்னையில் தெருவில் இறங்கி நடந்து பாருங்கள். ஓட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்பவர் ஆண். டீ மாஸ்டர் ஆண். கல்யாணத்துக்கு ஐந்நூறு பேருக்குச் சமைக்கிறவர் ஆண். பிரியாணி தம் போடுகிறவர் ஆண். தெருமுனை இஸ்திரி வண்டியில் நம் புடவையை மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுக்கிறவரும் பெரும்பாலும் ஆண்தான். கூலி உண்டு என்றால் கை தானாக வருகிறது, வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் அதே கைக்குச் சட்டியைத் தூக்க முடியாமல் போகிறது. இதில் திறமைக் குறைவு எங்கே இருக்கிறது? சின்ன வயதில் யாரும் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

இது பழைய பழக்கம். தமிழில் பிள்ளைத்தமிழ் என்று ஒரு பாட்டு வகை இருப்பது உங்களுக்குத் தெரியும். குழந்தையைப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பாடுவார்கள். ஆண் குழந்தைக்குக் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் பருவத்தில் என்ன நடக்கிறது? தெருவில் பெண் பிள்ளைகள் மணலில் சின்ன வீடு கட்டுகிறார்கள். அதற்குள் பொய்யாகச் சோறு ஆக்குகிறார்கள். பையன் வந்து காலால் கலைக்கப் பார்க்கிறான். "எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே" என்று அந்தப் பிள்ளைகள் கெஞ்சுவதாகப் பாட்டு வரும். எனக்கு அந்தப் பாடல்கள் ரொம்பப் பிடிக்கும். பாடுகிறவருக்குக் குழந்தைமேல் இருக்கிற ஆசை ஒவ்வொரு அடியிலும் தெரியும். ஆனால் இரண்டு பையன்களுக்கு அம்மாவாக அதைப் படிக்கும்போது வேறொன்றும் தெரிகிறது. கட்டுகிறதும் சோறு ஆக்குகிறதும் ஒரு பக்கம், கலைக்கிறது இன்னொரு பக்கம் என்று விளையாட்டிலேயே பிரித்து வைத்திருக்கிறோம். அப்படிப் பிரித்துவிட்டு, முப்பது வயதில் அவன் மனைவி வந்து அவனுக்குச் சமையல் சொல்லித்தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அந்தப் பெண்ணுக்கு ஏன் அந்த வேலை?

சரி, வீட்டில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து முருங்கைக்கீரை வரும். கொத்தோடு செய்தித்தாளில் சுற்றி வைத்துவிடுவோம். காலையில் பிரித்து உதறினால் பாதி இலை தானாகவே உதிரும். மீதியை ஆய வேண்டும். பையன்கள் இரண்டு பேரும் கூடத்தில் எதிர் எதிராகச் சம்மணம் போட்டு உட்காருவார்கள். பெரியவன் காம்பின் நுனியை இடது கையால் பிடித்து, வலது கை விரல்களால் ஒரே இழுப்பில் உருவுவான். இலை மட்டும் முறத்தில் விழும். சின்னவனுக்கு உருவ வராது. ஒவ்வோர் இலையாகக் கிள்ளுவான். நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் கிள்ளுவான். காம்பும் சேர்ந்து வரும். "டேய், காம்பு போடாதடா, வாயில குத்தும்" என்று அண்ணன் அதட்டுவான். "நீ மட்டும் பழுப்பு இலை போட்டிருக்க, பாரு" என்று தம்பி முறத்திலிருந்து எடுத்துக் காட்டுவான். நான் ஒருத்தியே செய்தால் பத்து நிமிட வேலை. இவர்கள் செய்தால் அரை மணி நேரம் ஆகும், தரையெல்லாம் இலை இருக்கும். அந்த இலையைப் பெருக்குவதும் அவர்கள் வேலைதான். அன்றைக்குக் கீரைப் பொரியலை இரண்டு பேரும் தட்டில் மீதி வைப்பதில்லை.

இங்கேதான் அம்மாக்களுக்கு ஒரு சோதனை. தண்ணீர் பாட்டில் நிரப்பச் சொன்னால் பாதி தரையில் இருக்கும். கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற ஊர் இது, மனசு பதறத்தான் செய்யும். இருந்தாலும் கையிலிருந்து பிடுங்காதீர்கள். துடைக்கிற துணி எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், போதும். நாம் பிடுங்கிச் செய்தால், நிதானமாகக் காத்திருந்தால் அம்மா செய்துவிடுவாள் என்று பிள்ளை கற்றுக்கொள்வான். பெரியவர்களானபின் எத்தனையோ ஆண்கள் செய்வது அதைத்தானே.

அடுத்தது சண்டை. இரண்டு பையன்கள் இருக்கிற வீட்டில் சண்டைக்குக் காரணம் தேட வேண்டாம். ஜன்னல் ஓரம் யாருக்கு, கடைசி முறுக்கு யாருக்கு, லிஃப்ட் பொத்தானை யார் அமுக்குவது, எல்லாமே சண்டைதான். வேலை கொடுத்தால் சண்டை குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்கும் சண்டை வரும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. ஒற்றைப்படைத் தேதியில் சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைத்துக் கழுவுவது பெரியவன், தண்ணீர் பாட்டில் சின்னவன். இரட்டைப்படைத் தேதியில் மாறும். தேதி கிழிக்கிற உரிமை, அன்றைக்குத் தட்டு யாருடையதோ அவனுக்கு. முதல் மாதம் நன்றாகத்தான் போனது. 31ஆம் தேதி வந்தது, அடுத்த நாள் 1ஆம் தேதி, இரண்டும் ஒற்றைப்படை. "எனக்கு மட்டும் ரெண்டு நாளா?" என்று பெரியவன் நியாயம் கேட்டான். பஞ்சாயத்து கூடியது. 31ஆம் தேதி அப்பாவுடையது என்று சின்னவன் தீர்ப்புச் சொன்னான். என் கணவர் ஒப்புக்கொண்டார். தேதி கிழிக்கிற உரிமையும் எனக்குத்தான் என்று கேட்டு வாங்கினார்.

அவரைப் பற்றிச் சொன்னதால் அப்பாக்களுக்கு ஒன்று சொல்கிறேன். பையன் நம் பேச்சைக் கேட்பதைவிட நம் கையைத்தான் அதிகம் பார்க்கிறான். என் அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்தவர். ரயில் பெட்டி வேலை முடித்துவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு வருவார். வந்ததும் முதல் வேலையாகக் குழாயடியில் உட்கார்ந்து தன் டிஃபன் கேரியரைத் தானே தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. என் தம்பிகள் இரண்டு பேரும் இன்றைக்கும் சாப்பிட்ட தட்டை மேசையில் விட்டுவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பலர் சொல்கிறீர்கள். என் மாமியாரும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆம்பளப் புள்ள கையில தொடப்பத்தக் குடுக்கிறியேம்மா" என்று வருத்தப்பட்டார். நான் வாதாடவில்லை. "அத்தை, ரசத்துக்கு மிளகும் சீரகமும் நீங்க இடிக்கிற பக்குவம் எனக்கு வரல, இவனுங்களுக்காவது சொல்லிக் குடுங்க" என்றேன். உண்மையிலேயே எனக்கு வராது. இப்போது சாயங்காலம் அம்மிக்கல் பக்கத்தில் சின்ன உரலை வைத்துக்கொண்டு, "ஆயா, போதுமா? ஆயா, இன்னும் நசுக்கவா?" என்று இரண்டும் கேட்டுக்கொண்டிருக்கும். "ரொம்ப மாவாக்கிடாத ராசா, ஒண்ணு ரெண்டா இருக்கட்டும்" என்று அவர் சொல்லுவார். துடைப்பம் விஷயத்தில் அவர் மனசு இன்னும் முழுசாக மாறவில்லை. ஆனால் ரசம் வைக்கத் தெரிந்த பேரன்களைப் பற்றிப் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்கிறார்.

படிப்பு கெடும் என்கிற பயம் இருக்கிறதே, அதற்கும் பதில் சொல்ல வேண்டும். தட்டு கழுவ ஐந்து நிமிடம், துணி மடிக்கப் பத்து நிமிடம். டிவிக்கும் போனுக்கும் போகிற நேரத்தோடு வைத்துப் பாருங்கள். இன்னொன்று, சமையலறையில் இருப்பதும் படிப்புதான். இட்லிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. மூன்று ஆழாக்கு அரிசிதான் இருக்கிறது என்றால் உளுந்து எவ்வளவு? பெரியவன் டம்ளரில் விரலால் முக்கால் கோடு காட்டுகிறான். பின்னக் கணக்கு அவனுக்கு அப்படித்தான் புரிந்தது. மே மாதத்தில் ராத்திரி கரைத்த மாவு விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிகிறது, மார்கழியில் அதே மாவு காலையில்கூடச் சரியாகப் பொங்குவதில்லை. ஏன் என்று அவனே கேட்டான். சூட்டில் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும் என்று சொன்னபோது, மாவுக்குள் உயிர் இருக்கிறதா என்று சின்னவன் பாத்திரத்துக்குள் முகத்தை விட்டுப் பார்த்தான்.

குப்பையையும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டிலேயே பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. எந்தத் தொட்டியில் எது என்று பிள்ளைகள் பெரியவர்களைவிட ஒழுங்காகப் பார்ப்பார்கள். காலையில் மாநகராட்சி பேட்டரி வண்டி வந்ததும் அவர்களே கொண்டுபோய், துப்புரவு வேலை செய்கிற அக்காவின் கையில் கொடுக்கட்டும். நாம் பிரிக்காமல் கொடுத்தால் அவர் வெறும் கையால் கிளற வேண்டியிருக்கும் என்று சொல்லுங்கள். அது அவர்களுக்குப் புரியும்.

காசு கொடுக்காதீர்கள், இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தட்டு கழுவினால் ஐந்து ரூபாய் என்று ஆரம்பித்தால், ஐந்து ரூபாய் வேண்டாத அன்றைக்குத் தட்டு கிடக்கும். தான் சாப்பிட்ட தட்டுக்குக் கூலி கிடையாது. எனக்கும் யாரும் கொடுப்பதில்லை.

அடுப்பு எப்போது என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டார். என் கருத்தைச் சொல்கிறேன். ஆறு வயதில் பூண்டு உரிப்பது, பட்டாணி உரிப்பது, அரிசி களைவது, காலுறை ஜோடி சேர்ப்பது, மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்து வருவது. மாடிக்கு மட்டும் பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும். எட்டு ஒன்பது வயதில் இட்லித் தட்டில் மாவு ஊற்றுவது, வாழைப்பழமும் வெள்ளரிக்காயும் முனை மழுங்கிய கத்தியால் நறுக்குவது. அரிவாள்மணை, மிக்ஸி, குக்கர் மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். கேஸ் அடுப்பைப் பத்து வயதில், நாம் பக்கத்தில் நின்றால் மட்டும். பற்ற வைக்கச் சொல்லித்தருவதற்கு முன்னால் சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடச் சொல்லித்தர வேண்டும். பெரியவனுக்கு வருகிற தை மாதம் பத்து வயது ஆகிறது. முதல் தோசை தனக்குத்தான் என்று தம்பி இப்போதே சொல்லி வைத்திருக்கிறான். வேறு யாருக்காவது கேள்வி இருந்தால் கேளுங்கள், உட்கார்ந்து பேசலாம்.