கொக்கோ கிராமத்தில் ஒரு பாடசாலை: ட்ரோக்பாவின் கதை

[காட்சி: ஹட்டன் பக்கத்துத் தோட்ட மைதானம். மழை விட்டிருக்கிறது.]

வணக்கம். நம்ம மலையகத்து மைதானங்கள் தெரியும்தானே? ஒரு பக்கம் லயம், மறுபக்கம் பள்ளம். பந்து தேயிலைக்குள் உருண்டால், எடுக்கப் போனவன் காலில் அட்டையோடுதான் திரும்புவான். அங்கே விளையாடும் பிள்ளைகளுக்காகவே இந்த வீடியோ. ஆள்: உதைபந்தாட்ட வீரர் டிடியே ட்ரோக்பா.

[காட்சி: வரைபடத்தில் மேற்கு ஆபிரிக்கா]

1978-ல் ஐவரி கோஸ்டின் அபிஜானில் பிறந்தவர். ஐந்து வயதில் பிரான்சிலிருந்த உறவினரிடம் தனியாக விமானம் ஏற்றிவிட்டார்கள். முதல் தொழில்முறை ஒப்பந்தம் கிடைத்தபோது வயது 21. உதைபந்தாட்டத்தில் அது ரொம்பத் தாமதம். 2004-ல் இங்கிலாந்தின் செல்சி கழகம். அப்புறம் நான்கு பிரீமியர் லீக் பட்டங்கள். 2012-ல் ஐரோப்பியக் கழகங்களுக்கான சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில், செல்சி தோற்கப்போகும் நேரம், 88-வது நிமிடத்தில் தலையால் முட்டி கோல் போட்டார். கடைசிப் பெனல்டியையும் அவரே அடித்து வென்றுகொடுத்தார்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிது 2005 ஒக்டோபர். நாடு உள்நாட்டுப் போரில் இரண்டாகக் கிடந்தது. சூடானை வென்று முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற அன்று, உடை மாற்றும் அறையில் மைக்கைப் பிடித்தார். வியர்வை காயவில்லை. தோழர்களோடு முழங்காலிட்டு, “ஆயுதங்களைக் கீழே போடுங்கள்” என்று கெஞ்சினார். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2007-ல் கிளர்ச்சியாளர்களின் கோட்டையான புவாக்கே நகரில் தேசிய அணி விளையாடியது.

அவர் ஒருவரால் போர் நின்றது என்று சொல்வது மிகை. 2010 தேர்தலுக்குப் பின் மறுபடி இரத்தம் சிந்தியது. அடுத்த ஆண்டு நல்லிணக்க ஆணைக்குழுவில் அவரும் சேர்ந்தார்.

[காட்சி: கொழுந்து மடுவம். தராசில் கூடைகள்.]

சரி, பணம்? 2007-ல் அறக்கட்டளை தொடங்கினார். 2009-ல் ஒரு விளம்பர ஒப்பந்தத்தில் கிடைத்த 30 இலட்சம் பவுணை அபிஜானில் வைத்தியசாலை கட்டத் தருவதாக அறிவித்தார்.

நம்ம ஆட்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஐவரி கோஸ்டின் கொக்கோ நம்ம தேயிலை மாதிரிக் கப்பலேறும் பயிர். அங்கே பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகள் பலர் கத்தியோடு கொக்கோக் காய் வெட்டப் போகிறார்கள். அப்படியொரு கொக்கோ கிராமம் போகு-குவாமேக்ரோ. அங்கே அவருடைய அறக்கட்டளை பங்கெடுத்துக் கட்டிய பாடசாலை 2018 ஜனவரியில் திறக்கப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில், 40 வயதில், விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றார்.