கிணத்தடிக் கல்லில பாபிகியூ அடுப்பு கட்டினன், வெடிச்சுது! ஏன்?

(காட்சி: உள்ளங்கையில கருகின கல்துண்டு ஒண்டு)

வணக்கம் உறவுகளே! இந்தக் கல்லு போன வருசம் எங்கட மாமாவின்ர சாப்பாட்டுத் தட்டுக்குள்ள விழுந்தது. கனடாவில இருந்து வந்த மனிசன். கோழிக்காலைக் கையில பிடிச்சபடி எழும்பி நிண்டு, "தம்பி, இது பாபிகியூவோ, கோயில் வாணமோ?" எண்டு கேட்டார். முழுச் சனமும் சிரிச்சுது. எனக்கு மட்டும் சிரிப்பு வரேல்ல. ரெண்டு நாள் நாரி முறியக் கட்டின அடுப்பு அது.

பின் வளவில செங்கல் பாபிகியூ அடுப்பு கட்டுறது எப்பிடி எண்டுதான் இண்டைக்கு வீடியோ. ஆனால் முதல்ல அது ஏன் வெடிச்சது எண்டு சொல்லிப்போடுறன். இதை விளங்கினால் மிச்சம் எல்லாம் சின்ன வேலை.

நான் விட்ட பிழை, காசு மிச்சம் பிடிக்கப் போனது. கிணறு வெட்டேக்க வந்த கல்லு பின்னுக்குக் குவிஞ்சு கிடந்தது. சும்மா கிடக்கிற கல்லுத்தானே எண்டு அதையே அடுக்கிச் சீமெந்தால பூசினன். அது சுண்ணாம்புக்கல். எங்கட யாழ்ப்பாணக் குடாநாடே ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் பாறையில குந்திக்கொண்டிருக்கு. கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தி, மயோசீன் காலத்தில, கடலுக்குள்ள படிஞ்சது. நிலாவரைக் கிணறு இருக்கெல்லோ, அதுவே மழைத்தண்ணி இந்தக் கல்லைக் கரைச்சு உண்டான பள்ளம்தான்.

அந்தக் கல்லுக்குள்ள சின்னச் சின்ன ஓட்டை. ஓட்டைக்குள்ள ஈரம். நெருப்பு வைச்சால் ஈரம் ஆவியாகும், வெளியில வர வழி தேடும், வழி இல்லாட்டி கல்லை உடைச்சுக்கொண்டு வரும். மாமாவின்ர தட்டுக்கு வந்தது அப்பிடித்தான்.

இனித்தான் எனக்குப் பிடிச்ச இடம். இந்தக் கல்லை 900 பாகை செல்சியஸ் அளவில வைச்சு எரிச்சால் கரியமிலவாயு கழண்டு போய்விடும். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லை எரிச்சால் மிஞ்சிறது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. மற்ற 44 கிலோவும் காத்தோட போட்டுது! அதில தண்ணியை ஊத்தினால் கொதிச்சு, ஊதி, மாவாகும். எங்கட ஆக்கள் சூளை வைச்சுச் செய்ததும் இதுதான். அம்மம்மா வெத்திலையில தடவினதும் இதுதான், கருப்பணி புளிச்சுக் கள்ளாகாமல் முட்டிக்குள்ள பூசிறதும் இதுதான். தணல் நேர பட்ட இடத்தில கல்லு மெல்ல மெல்லச் சுண்ணாம்பாகும், அடுத்த மழைக்கு உதிரும். நான் பாபிகியூ அடுப்பு எண்டு நினைச்சுக் கட்டினது ஒரு அரைகுறைச் சுண்ணாம்புச் சூளை!

அப்ப செங்கல் ஏன் தாங்குது? அது ஏற்கனவே சூளையில வெந்து வந்த கல்லு. நெருப்பு அதுக்குப் பழகின ஆள். கஷ்டம் என்னெண்டால், எங்கட பக்கம் சுண்ணாம்புக்கல்லு இருக்கு, களிமண் குறைவு. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950 இல தொடங்கி 1990 இல நிண்டது. அதுக்குக் கல்லு இங்கயே கிடைச்சுது, களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனில இருந்து வந்தது. அதால செங்கல்லுக்குக் கொஞ்சம் செலவழியுங்கோ. ரெண்டு கல்லை ஒண்டோட ஒண்டு தட்டிப் பாருங்கோ. மணி மாதிரிக் கிண்ணெண்டு கேட்டால் நல்லா வெந்த கல். தொப்பெண்டு கேட்டால் விட்டிடுங்கோ.

(காட்சி: நூல் பிடிச்சுக் கல் வைக்கிறது)

கட்டுறது: நாலடிக்கு மூண்டடி, நாலு அங்குலத் தடிப்பில கொங்கிறீற்று. அதுக்கு மேல மூண்டு பக்கச் சுவர், முன்பக்கம் திறந்தபடி. உள்ளகலம் ரெண்டரை அடி. கல்லைத் தண்ணியில ஊற வைச்சு எடுங்கோ. பன்னிரண்டு வரிக்கு, உடையிறதையும் சேர்த்து 140 கல்லு போதும். எட்டாம் வரியில கொஞ்சக் கல்லைக் குறுக்க வைச்சு உள்ளுக்கு நீட்டினால் கரித் தட்டு அதில குந்தும். பத்தாம் வரியிலயும் அப்பிடியே செய்தால் இறைச்சி வைக்கிற கம்பி. மேசன்மார் என்னைத் திட்டாதேங்கோ, எனக்கு இவ்வளவுதான் தெரியும்.

தணல் படுற உள்பக்கத்துக்குச் சீமெந்துச் சாந்து வேண்டாம். சூட்டில அது பலம் இழந்து வெடிக்கும். அம்மம்மா அடுப்புக் கட்டின புற்றுமண்ணைக் குழைச்சு, கொஞ்சம் மணல் கலந்து வையுங்கோ.

கம்பி எவர்சில்வர் எண்டால் நல்லது. கல்வனைஸ் வலை வேண்டவே வேண்டாம். அதில பூசியிருக்கிற நாகம், அதான் துத்தநாகம், 419 பாகை செல்சியஸில உருகும், கடும் சூட்டில வாற புகை கூடாது. கோழிக்கூட்டு வலையை வெட்டிப் போடுற ஆக்களைக் கண்டிருக்கிறன், அதான் சொல்லுறன். கரிக்குச் சிரட்டைக்கரி.

வாயை எந்தப் பக்கம் வைக்கிறது? சோளகக் காத்து தென்மேற்கால வாறது. அடுப்பு வாய் அந்தப் பக்கம் பாத்தால் காத்து உங்கட முதுகால வந்து புகையை அங்கால தள்ளும். அங்கால பக்கத்து வீட்டுக் கிடுகு வேலியோ, உடுப்புக் கொடியோ இருந்தால் உங்கட பாடு. வாடைக்காத்தைப் பற்றிக் கேக்காதேங்கோ, அந்த மழைக்குள்ள ஆர் பாபிகியூ போடுறது?

எப்ப கட்டுறது எண்டதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கிறன். கொங்கிறீற்றின்ர பலத்தை 28 நாள்க் கணக்கிலதான் பாக்கிறவை. நல்லூர்த் திருவிழா 25 நாள், அந்த நாளில எங்கட வீட்டில மீன் இறைச்சி எண்டு மச்சமே இல்லை. அப்ப கொடியேற்றத்துக்கு முதல் நாள் கட்டி முடிச்சுவிட்டு, முதல் கிழமை அடித்தளத்துக்கு மட்டும் தண்ணி தெளிச்சுக்கொண்டு கோயிலுக்குப் போய் வாங்கோ. அடுப்பும் விரதம், நாங்களும் விரதம். தீர்த்தம் முடிஞ்சாப் பிறகு ரெண்டு பின்னேரம் சின்னதாச் சுள்ளி எரிச்சு மிச்ச ஈரத்தை எடுங்கோ. எடுத்த எடுப்பில பெரு நெருப்பு வைச்சால் செங்கல்லும் வெடிக்கும்.

பிறகு கணவாயோட வாறன், சப்ஸ்கிரைப் பண்ணி வையுங்கோ. மாமா இந்த முறையும் ரிக்கெட் போட்டிட்டார். தட்டை மட்டும் விறாந்தையில வைச்சுச் சாப்பிடுவாராம்.